கேஷேயின் தலையணை

செப்டம்பர் 2, செவ்வாய்

ஐம்பத்து மூன்று வயதில் நான் திருடனாகிவிட்டேன். பொன்னோ பொருளோ அல்ல, காய்ந்த பூ. அதையும் வேலை செய்யும் இடத்திலேயே, மதியச் சாப்பாட்டு நேரத்தில், பனியனுக்குள் ஒளித்து எடுத்தேன். பியருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹொப்ஸ் பூ சிலருக்கு உடம்பில் பட்டால் அரிக்கும் என்று பன்னிரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லி வருகிறவன் நான். அந்தச் சிலரில் நானும் ஒருவன் என்பது இன்றுதான் தெரிந்தது. பிற்பகல் முழுவதும் இருபத்தாறு ஓய்வூதியக்காரர்களுக்கு முன்னால் இடுப்பைச் சொறிந்தபடியே வரலாறு சொன்னேன். போகும்போது ஒரு கிழவர் என் தோளைத் தட்டி, நல்ல தோல் வைத்தியர் ஒருவரின் பெயரை எழுதித் தந்தார்.

முறைப்படி தொடங்குகிறேன். பெயர் குணபாலசிங்கம். வட ஜெர்மனியில் ஆல்டன்வீக் என்ற சின்ன ஊரின் பியர் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி. பெயரின் முன்பாதி இவர்களின் வாய்க்குள் நுழையாது. பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு 'ஹெர் சிங்கம்', அதாவது திருவாளர் சிங்கம், என்பார்கள். சர்க்கரை வியாதியால் நான் பியரைத் தொடுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. அது வேறு பாவம், வேறு கொப்பியில் எழுத வேண்டியது.

எங்கள் மூன்றாம் அறையில் வாய் திறந்த பெரிய சணல் சாக்கு ஒன்று இருக்கிறது. நிறைய ஹொப்ஸ். வருகிறவர்கள் கையை விட்டு எடுத்துக் கசக்கி முகரலாம். அந்தச் சாக்கின் பக்கத்தில் நின்றுதான் கேஷேயின் கதையைச் சொல்வேன். ஆயிரத்து முந்நூற்று எழுபதுகளில் இந்த ஊரில் பியர் காய்ச்சிய விதவை அவள். அப்போது இங்கே பியரில் ஹொப்ஸ் போடக்கூடாது. பிஷப்பின் களஞ்சியத்தில் விற்கும் 'குரூட்' என்ற பச்சிலைக் கலவையைத்தான் வாங்கிப் போட வேண்டும். அதில் என்னென்ன சேருகிறது என்று கேட்கவும் கூடாது. எங்கள் மாமிமாரின் கறித்தூள் இரகசியம் மாதிரி. கேஷே ஒளித்து ஹொப்ஸ் போட்டாள். மற்றவர்களின் பியர் ஒரு கிழமையில், ஏழே நாளில், புளித்துப்போக, அவளுடையது மாதக்கணக்கில் நின்றது. அயலார் பொறுப்பார்களா? அவர்கள் கோள் சொல்ல, பிஷப்பின் ஆட்கள் சோதனை போட வந்தார்கள். ஹொப்ஸ் தலையணைக்குள் இருந்தது. நித்திரை வருவதில்லை, அதற்கு மருந்தாக வைத்திருக்கிறேன் என்றாளாம். அப்படியென்றால் மெத்தைக்குள்ளும் ஏன் என்று கேட்டதற்கு, என் நித்திரைக் குறைவு அவ்வளவு பெரியது என்றாளாம்.

இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். பன்னிரண்டு வருடமாக நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

நேற்று சுகிர்தாவின் இடது மார்பில் இருந்த கட்டியில் ஊசி விட்டு ஒரு துண்டு எடுத்தார்கள். கட்டி அவரைக்கொட்டை அளவு. புற்றா இல்லையா என்று சொல்லப் பத்து நாளாகுமாம். சுகிர்தா என் மனைவி. இருபத்தாறு வருடம்.

அவளுக்கு நித்திரை இல்லை. அதற்கு நானே சாட்சி. விடியும்வரை விழித்திருந்து பார்த்தேன். கண்ணை மூடி, அசையாமல், சீராக மூச்சு விட்டபடி கிடந்தாள். நித்திரை வராதவர்கள்தான் அப்படிக் கிடப்பார்கள்.

மருந்துக் கடையில் ஹொப்ஸ் தலையணை கேட்டு வாங்கலாம். ஆனால் கடைக்காரம்மாவின் தாய் எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறாள். யாருக்கு நித்திரையில்லை, எத்தனை நாளாக, ஏன் என்று ஒரு கேள்வி புறப்பட்டால் அது மாலைக்குள் படியேறி வந்துவிடும். பதில் வரும்வரை ஒருவருக்கும் சொல்வதில்லை என்று சுகிர்தா முடிவு செய்திருக்கிறாள். ஆகவே களவு.

நான் வீட்டில் உடுத்துகிற பழைய சாரத்தில் ஒரு துண்டு கிழித்து, வெள்ளை நூலால் மூன்று பக்கம் தைத்து, வாயைச் சப்பாத்து லேஸால் கட்டினேன். இரண்டு விரலில் ஊசிக் குத்து. சுகிர்தா பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என்னப்பா இது, ஆட்டுக்குப் போட்ட தையல் மாதிரிக் கிடக்கு?"

"தலையணைக்குள்ள வையும். நித்திரை வரும். எழுநூறு வருச வைத்தியம்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, சரி, நான் வைக்கிறேன், நீங்கள் குப்பையை வெளியில் வைத்துவிட்டு வாருங்கள் என்றாள். வந்தபோது கட்டிலில் உட்கார்ந்து பல்லால் நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பை உள்ளே உருளாமல் இருக்க இரண்டு இழை போட்டாளாம். பச்சை நூல் இதோடு முடிந்தது, கடைக்குப் போனால் வாங்கி வாருங்கள் என்று வெறும் நூற்கட்டையைக் காட்டினாள்.

செப்டம்பர் 3, புதன்

மணிக்கூடு அடித்தது எனக்குக் கேட்கவில்லை. எட்டேகாலுக்கு எழும்பி, சவரம் செய்யாமல் ஓடி, பஸ்ஸைத் தவறவிட்டேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. சுகிர்தா எனக்கு முன்பே எழுந்து, தேநீர் போட்டு, காய்ந்த உடுப்பெல்லாம் மடித்து முடித்திருந்தாள். நித்திரை கொண்டீரோ என்று கேட்டேன்.

"அடிச்சுப் போட்ட மாதிரி."

ஆக, ஹொப்ஸ் வேலை செய்கிறது. மத்தியகால வைத்தியர்களைப் பற்றி இனிமேல் பகிடி விடுவதில்லை. பச்சை நூல் வாங்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஹொப்ஸின் வாசம் மூன்று நாளில் குறைகிறது. புதிதாக எடுத்து மாற்ற வேண்டும். எடுக்க எடுக்கச் சாக்கு இறங்குகிறது. இறங்கிய சாக்கு மேலிடத்தின் கண்ணில் படும். எங்கள் புதிய இயக்குநர் டொக்டர் ஹென்றிக்கேவுக்கு முப்பத்தாறு வயது. சுவரில் ஒரு ஆணி சரிந்தாலும் மின்னஞ்சல் அனுப்புகிறவர்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அடியில் முயல் வைக்கோல், மேலே ஹொப்ஸ். பேரங்காடியில் வளர்ப்புப் பிராணிகள் பகுதியில் ஒரு பெரிய பொதி எடுத்தேன். காசாளர் பெண் சும்மா இருந்திருக்கலாம்.

"முயல் வாங்கியிருக்கிறீர்களா? என்ன பெயர்?"

வாயில் வந்தது, "கேஷே."

சிங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு முயலுக்கு வைக்கோல் வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

டிக்கெட் மேசையில் இருக்கும் பிறிங்க்மன் அம்மாவுக்கு ஊரில் எந்த வீட்டில் எந்தத் திரைச்சீலை மாறினாலும் தெரியும். இன்று நான் குனிந்து சாவி எடுத்தபோது மூக்கை உறிஞ்சினாள். "ஹெர் சிங்கம், உங்கள் சட்டைக் கழுத்து மூன்றாம் அறை மாதிரி மணக்கிறது." என் வேலையே மூன்றாம் அறையில்தானே என்றேன். அவளுக்கும் வேலை இருந்திருந்தால் பேச்சு அதோடு நின்றிருக்கும். நேற்றுக் காலையிலும், நீங்கள் அங்கே போவதற்கு முன்பே மணத்தீர்கள் என்றாள். சுகிர்தாவின் தலைமுடியில் இருந்து ஒட்டியிருக்கும். இதைப் பிறிங்க்மன் அம்மாவிடம் சொல்ல முடியுமா? ஊர் அதை வேறு மாதிரி எழுதிக்கொள்ளும். சொல்லாமல் விட்டேன், அதையும் வேறு மாதிரித்தான் எழுதிக்கொண்டாள், கண்ணில் தெரிந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

நான் சமைத்தேன். சோறு அடிப்பிடித்தது. ஊசி போட்ட இடத்தில் சுகிர்தாவுக்கு இன்னும் நோ இருக்கிறது, கையை உயர்த்தினால் முகம் சுருங்குகிறது. நன்றாக நித்திரை கொண்டாளாம்.

செப்டம்பர் 10, புதன்

ஹொப்ஸ் ஏன் வென்றது என்று மூன்றாம் அறைக்கு ஒரு புதிய விளக்கப் பலகை எழுதித் தரச் சொன்னார் இயக்குநர். பத்தே வரி. பத்து வரியில் எழுதுவதற்கு என்னைப் போல் நாற்பது நிமிடம் பேசுகிறவனைக் கேட்டிருக்கக் கூடாது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் சுகிர்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். மடத்துத் துறவிகள் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஹொப்ஸைத் தங்கள் ஏடுகளில் குறித்திருக்கிறார்கள். ஆனாலும் அது ஊரைப் பிடிக்க இன்னும் சில நூறு வருடம் ஆனது. காரணம், குரூட் விற்கும் உரிமை பிஷப்மாரிடமும் பிரபுக்களிடமும் இருந்தது. வேலிப் பக்கம் தானாகப் படர்கிற கொடியை ஆரும் பறித்துப் பியரில் போட்டால் அவர்களின் களஞ்சியம் என்னாவது? பிறகு பிறேமன், ஹம்பேர்க் வியாபாரிகள் ஹொப்ஸ் போட்ட பியரைக் கப்பலில் ஏற்றிப் பார்த்தார்கள். அக்கரை போய்ச் சேர்ந்தும் புளிக்கவில்லை. அதோடு பிஷப்பின் பச்சிலை படுத்துவிட்டது. ஒன்றுதான் தொல்லை. ஹொப்ஸைச் சும்மா போட்டால் போதாது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கொதிக்கவிட வேண்டும். அதற்குப் பெரிய செப்புக் கொப்பரை வேண்டும், வண்டி வண்டியாக விறகு வேண்டும். வீட்டு அடுப்பில் காய்ச்சி விற்றுக்கொண்டிருந்த பெண்களிடம் அது இல்லை. கொப்பரை வைத்திருந்த ஆண்கள் சங்கம் கட்டிக்கொண்டார்கள். இரண்டு தலைமுறையில் பெண்கள் பியர் வேலையை விட்டே போய்விட்டார்கள்.

சுகிர்தா உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்ப கேஷே தன்ர தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறா."

பன்னிரண்டு வருடம், கணக்கில்லாத கூட்டம், எனக்கு இது தோன்றவில்லை. பெண்களின் கையில் இருந்து பியரைப் பறித்த அதே கொடியைத்தான் ஒரு பெண் தலையணைக்குள் ஒளித்துக் காப்பாற்றியிருக்கிறாள். எழுதியதை வெட்டிவிட்டு இதை எழுதினேன்.

"ஆனா தெரிஞ்சிருந்தாலும் போட்டிருப்பா," என்றாள் சுகிர்தா, உள்ளியைப் பார்த்தபடி. "காய்ச்சினது கெட்டுப்போகாமல் இருக்கோணும் எண்டுதானே எல்லாரும் பாப்பினம். பிறகு நடக்கிறதை ஆர் கண்டது?"

நான் எழுந்து தேவையில்லாமல் குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று பதில் வரவேண்டிய நாள். காலையில் இருந்து வீட்டு யன்னல் ஒன்பதையும் கழுவினேன். பதினொன்றரைக்குத் தொலைபேசி. துண்டை இன்னொரு ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்களாம், நிச்சயப்படுத்த. இன்னும் இரண்டு கிழமை. கெட்டது என்றால் உடனே சொல்லியிருப்பார்கள் என்றாள் சுகிர்தா. நல்லது என்றாலும் உடனே சொல்லியிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. கழுவின யன்னல்களைத் திரும்பக் கழுவினேன்.

மாலையில் ரொறன்ரோவில் இருந்து அவளுடைய பெரியக்கா. என் வாயைப் பற்றிச் சுகிர்தாவுக்குத் தெரியும். கோயிலில் யார் மருமகளோடு யார் பேசுவதில்லை என்று இரண்டு கண்டத்துக்கும் செய்தி விநியோகம் செய்கிறவன் நான். அவள் தொலைபேசியை என்னிடம் தரும்போது கண்ணாலேயே ஒரு பூட்டுப் போட்டாள். பெரியக்கா என்ன புதினம் என்று கேட்டா. ஹொப்ஸ் கொடி எப்போதும் மணிக்கூட்டு முள் சுற்றுகிற பக்கமாகத்தான் சுற்றி ஏறும், வெயில் காலத்தில் ஒரே நாளில் ஒரு சாண் வளரும் என்று அரை மணித்தியாலம் சொன்னேன். முடிவில், "குணம், நீர் குடிக்கத் தொடங்கிட்டீரோ?" என்று கேட்டா.

செப்டம்பர் 13, சனி

நேற்று அவள் நன்றாக நித்திரை கொண்டாளாம். நான் எழும்ப ஒன்பது மணி.

செப்டம்பர் 18, வியாழன்

இடி. தெற்கே பவேரியாவில் இருந்து ஹொப்ஸ் பயிரிடுகிற பெண்கள் சங்கம் ஒன்று அறுவடை முடித்த கையோடு சுற்றுலா வருகிறதாம். இருபத்து நாலாம் தேதி. முப்பது பேர். முப்பது பேரும் பிறந்த நாளில் இருந்து ஹொப்ஸை மோந்தவர்கள். இயக்குநர் மகிழ்ச்சியில் மூன்று மின்னஞ்சல் அனுப்பினார். மூன்றாவதில், அவர்கள் நம் சாக்கைச் சோதித்துக் கருத்துச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தார்.

சாக்கில் இப்போது மேலே ஒரு சாண் ஹொப்ஸ். மிச்சம் முழுவதும் கேஷே என்ற முயலின் சாப்பாடு.

இனிமேல் எடுப்பதில்லை என்று தீர்மானித்தேன். சுகிர்தாவிடம் ஒரு பேச்சுக்கு, பையை மாற்றாவிட்டால் நித்திரை வராதோ என்று கேட்டேன். எனக்குப் பரவாயில்லை, ஆனால் மாற்றினால் நல்லது என்றாள். முகத்தில் களைப்பு. கண்ணுக்குக் கீழே கறுப்பு. இத்தனை நித்திரை கொண்டும் இப்படி என்றால், கொள்ளாவிட்டால் எப்படியிருக்கும்? மதியம் இன்னொரு பிடி எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

கேஷே பிஷப்பின் ஆட்களுக்கு முன்னால் நின்றது போல நின்றேன் என்று எழுதலாம். ஆனால் கேஷேவுக்கு வாய் இருந்தது. எனக்கு இன்றைக்கு அது இல்லை.

பெண்கள் வந்தார்கள். கனத்த சப்பாத்து, பெரிய சிரிப்பு. பியருக்குப் பூத் தருகிறது பெண் செடி மட்டும்தான், ஆண் செடி ஒன்றைக் கண்டாலும் ஊரே சேர்ந்து பிடுங்கிவிடும் என்று நான் சொல்ல வந்ததை அவர்களே எனக்குச் சொல்லி, என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார்கள். பிறிங்க்மன் அம்மா டிக்கெட் மேசையை விட்டு எழுந்து வந்துவிட்டாள், இதைத் தவறவிடக் கூடாதென்று.

அவர்களின் தலைவி கிறெஸென்சியா. என் வயதுதான் இருக்கும். கன்னம் சிவந்த, தோள் அகன்ற பெண். கேஷேயின் கதையை நான் மெத்தைவரை கொண்டுவருவதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கைவரை சாக்குக்குள் விட்டாள். முகம் மாறியது. கை வெளியே வந்தது. விரல்களுக்கிடையில் வைக்கோல்.

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பேச வாய் திறந்தேன், ஒன்பதாம் நூற்றாண்டுத் துறவிகள்தான் வெளியே வந்தார்கள். கிறெஸென்சியா என் பக்கம் திரும்பினாள். கிட்ட வந்தாள். என் கழுத்தருகே மூக்கை நீட்டி ஒரு தடவை முகர்ந்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள், அந்தக் காலத்து வியாபாரிகள் இப்படித்தான் அடியில் வைக்கோலும் மேலே ஹொப்ஸும் வைத்து விற்று ஏமாற்றினார்கள், இந்த அருங்காட்சியகம் அதைக்கூட விடாமல் காட்டியிருக்கிறது, எவ்வளவு நுணுக்கம் என்று. இருபத்தொன்பது பேரும் கைதட்டினார்கள். இயக்குநர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆமாம், அது எங்கள் நோக்கங்களில் ஒன்று என்றார்.

மற்றவர்கள் நாலாம் அறைக்குப் போனபின் கிறெஸென்சியா என்னைச் சாக்கோடு சேர்த்துப் பிடித்தாள்.

"யாருக்கு நித்திரையில்லை?"

"மனைவிக்கு."

"என்ன பிரச்சினை?"

இருபத்து மூன்று நாளாக ஒருவருக்கும் சொல்லாததை முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு, சாக்குப் பக்கத்தில் நின்று இரண்டு வரியில் சொன்னேன். தலையாட்டினாள். தனக்கும் ஒரு தடவை அப்படிக் காத்திருந்த காலம் இருந்தது என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது என் வாழ்நாளில் முதல் தடவை.

"ஆனால் மணப்பது உங்கள் கழுத்து," என்றாள்.

மனைவியின் தலைமுடியில் இருந்து ஒட்டியது என்றேன். அப்படியா என்றாள். ஒரு மாதிரிச் சிரித்தாள்.

போகும் முன் தங்கள் பஸ்ஸில் இருந்து ஒரு பெரிய பை இறக்கினாள். இந்த வருட அறுவடை. எலுமிச்சையும் ஈரப் புல்லும் சேர்ந்த வாசம். பழைய ஹொப்ஸ் பாலாடைக்கட்டி மாதிரி நாறும், அதை ஆருடைய தலைக்கும் வைக்காதே என்றாள். இருவரும் வைக்கோலை அள்ளிக் கொட்டிச் சாக்கை நிரப்பினோம். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சுகிர்தா முகத்தைப் பைக்குள் விட்டு முகர்ந்தாள். பிறகு, நீங்கள் போய்க் குளியுங்கோ, நான் மாத்தி வைக்கிறன் என்றாள்.

ஆண் செடியைப் பிடுங்குகிற சாதிகள் என்று மனதுக்குள் திட்டியிருந்தேன். வாபஸ்.

செப்டம்பர் 25, வியாழன்

தொலைபேசி. நாளை பத்து மணிக்கு நேரில் வரச் சொன்னார்கள். ஏன் நேரில்?

சப்பாத்துகளைத் துடைத்தேன். எல்லாவற்றையும். அவளுடைய பனிக்காலச் சப்பாத்தையும்.

செப்டம்பர் 26, வெள்ளி

ஆஸ்பத்திரி நடைவழியில் நீலக் கதிரைகளில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு அம்மா கம்பளி பின்னிக்கொண்டிருந்தா. சுகிர்தா என் கொலரைச் சரி செய்தாள்.

"இஞ்சேருங்கோ. உள்ளுக்க போய்ப் பகிடி விட வேண்டாம்."

"விடமாட்டன்."

"ஹொப்ஸும் வேண்டாம்."

துடைத்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டேன். சரி என்று சொல்லியிருந்தால் பொய் சொன்ன பாவமும் சேர்ந்திருக்கும்.

வைத்தியர் கோப்பைத் திறந்தார். ஒரு பக்கம் புரட்டினார். அந்த ஒரு பக்கம் புரள எடுத்த நேரத்தில் நான் தொடங்கிவிட்டேன். பிறேமன் துறைமுகத்தில் இருந்து கப்பல் புறப்பட்டாயிற்று, பீப்பாய்கள் ஏற்றியாயிற்று, ஹொப்ஸ் போட்ட பியர் எப்படிக் கெடாமல் அக்கரை சேர்ந்தது என்று விளக்கிக்கொண்டிருக்கிறேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்கிறது. வைத்தியர் பேனாவைக் கீழே வைத்தார். சுகிர்தா என் கையைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே அவரிடம் ஜெர்மனில், மன்னியுங்கள், இவருக்குப் பயம் வந்தால் இப்படித்தான், கப்பல் கரை சேரும்வரை நிற்காது என்றாள்.

அவர் சிரித்தார். புற்று இல்லை என்றார். பால் குழாய்க்குள் ஒரு சிறு வளர்ச்சி, கெட்டதல்ல, ஆனால் விட்டுவைக்கவும் கூடாது. அடுத்த மாதம் எடுத்துவிடுவார்களாம், காலையில் போய் மாலையில் வரலாம். இரண்டாம் ஆய்வுகூடமும் அதையே சொன்னதாம். நேரில் வரச் சொன்னது நாள் குறிப்பதற்கு.

நான் சரியாகக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பச் சொன்னார். மூன்றாம் தடவை கேட்க வாய் எடுத்தபோது சுகிர்தா எழும்பிவிட்டாள்.

வெளியே பஸ் தரிப்பிடத்தில் இருவரும் நின்றோம். உமக்குப் பயமே வரவில்லையே, இத்தனை நாளும் நல்ல நித்திரை கொண்டீரே என்று நான்தான் தேவையில்லாமல் கேட்டேன்.

"எனக்குப் பயமில்லையெண்டு ஆர் சொன்னது? ரெண்டு பேரும் முழிச்சிருந்து பயந்தா விடிய ஆர் தேத்தண்ணி வைக்கிறது?"

பஸ் வந்தது. யன்னல் பக்கம் அவள் உட்கார்ந்தாள். மூன்று தரிப்பிடம் தாண்டியதும் தலை என் தோளில் விழுந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மெல்லிய குறட்டை. இறங்க வேண்டிய இடம் வந்தது, போனது. கடைசித் தரிப்பிடம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தோம். அவள் எழும்பவில்லை. என் கை விறைத்துவிட்டது. சாரதி கண்ணாடியில் பார்த்தார். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன்.

தலையணை இல்லாமலே இப்படி ஒரு நித்திரை. ஹொப்ஸ் உடம்பில் ஊறிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். இதையும் விளக்கப் பலகையில் சேர்க்கலாம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பெரியக்காவுக்கு எல்லாவற்றையும் சுகிர்தா சொன்னாள். பெரியக்கா அழுதா, பிறகு ஏசினா, பிறகு என்னைக் கூப்பிட்டு, இத்தனை நாள் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தீர் என்று ஆச்சரியப்பட்டா. எனக்கு நானே ஒரு மாலை போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. நேற்றுப் பேரங்காடியில் காசாளர் பெண் முயல் எப்படி என்றாள். நன்றாக இருக்கிறது, அடுத்த மாதம் ஒரு சின்ன சத்திரசிகிச்சை என்றேன். மிகவும் வருந்தி ஒரு கரட் இனாமாகத் தந்தாள்.

கையை உயர்த்தினால் சுகிர்தாவுக்கு இன்னும் நோகிறது. அதனால் கட்டில் விரிப்பும் தலையணை உறைகளும் மாற்றுகிற வேலையை இன்று நான் எடுத்துக்கொண்டேன். இந்த வீட்டில் இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை.

அவளுடைய தலையணையில் ஒன்றும் இருக்கவில்லை. சாரத்துணிப் பை என்னுடையதில் இருந்தது. நகராதபடி, மூலையில், பச்சை நூலால் தைத்திருந்தது.

இரண்டாம் தேதியே முடிந்த அந்த நூலை நான் இன்னும் வாங்கவில்லை.